ஐந்து மீட்டர் நடக்க இரணியல் வரை

என் நாய் செம்பனுக்கு வலது பின்னங்கால் ஏழு மாதமாகச் சரியில்லை. ஆனாலும் தினமும் காலையில் கடியப்பட்டணம் கரையில் அண்ணனின் வள்ளம் ஒதுங்கும்போது, மீனுக்காக என்னிடம் பாய்ந்து ஓடி வருவான். அதைப் பார்த்துக் கால் தேறிவருகிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். போன வாரம் வீட்டுப் படியில் ஏற முடியாமல் அவன் நின்றபோதுதான் புத்தி வந்தது. நாய்களின் நடையை அளந்து பார்க்கும் மருத்துவர் இரணியலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சனிக்கிழமை கிளம்பினேன்.

பேருந்தில் நாயை ஏற்றமாட்டார்கள், ஆட்டோதான் கதி. காத்திருப்பதற்கும் சேர்த்து எழுநூறு ரூபாய். ஓட்டுநர் ஜெபசிங் செம்பனைப் பார்த்துத் தயங்கினார். "பட்டிய சீட்டுல ஏத்தண்டாம் மக்கா, கீழ சாக்கு விரிச்சுத் தாறேன்" என்றார். ஏழரைக்குக் கிளம்பினோம். மணவாளக்குறிச்சி, திங்கள்நகர் வழியாக ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கிளினிக்கில் நீளமான இடம் கிடையாது. பக்கத்துச் சர்ச் ஹாலில்தான் அளக்கிறார்கள். தரையில் ஐந்து மீட்டர் பாய். ஒவ்வொரு பாதமும் எவ்வளவு அழுத்துகிறது என்று அது கணினிக்குச் சொல்லும். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் நேரத்தைக் குறிக்கும் கருவிகள். வேகம் மாறாமல் நடந்தால்தான் கணக்கில் சேரும், இடையில் வேகம் கூடினால் உடம்பின் எடை வேறு மாதிரி விழும் என்றார் மருத்துவர்.

ஜெபசிங் செம்பனை நடத்தினார். நான் மறுமுனையில் வறுத்த சாளை மீனோடு நின்றேன். முதல் பாதிக்கு இரண்டரை விநாடி, இரண்டாம் பாதிக்கு ஒன்றரை. தள்ளுபடி. பதினொரு தடவை நடத்தியும் இதே கதை.

"நீங்க வெளிய நில்லுங்க," என்றார் மருத்துவர். "உங்களக் கண்டாத்தான் அவன் ஓடுகான்."

வெளியே போனேன். அடுத்த தடவை இரண்டு பாதிக்கும் சரியாகத் தலா இரண்டரை விநாடி. வலது பின்னங்கால் இடதில் பாதி அழுத்தம்கூடக் கொடுக்கவில்லை. எக்ஸ்ரேயில் மூட்டு முழுக்கத் தேய்ந்திருந்தது. தொடக்கத்திலேயே வந்திருந்தால் அறுவை செய்திருக்கலாம், இனி வலி மாத்திரைதான் என்றார் மருத்துவர்.

"ஓடி வாறத வச்சு கால் நல்லாயிருக்குண்ணு நினைச்சியளா?" என்று கேட்டார். "ஓடுகதுக்கு அவனுக்கு மூணு கால் போதும்."

திரும்பும் வழியெல்லாம் என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

அங்கே போகிறவர்கள் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். நாயைக் கயிற்றில் நடக்கப் பழக்குங்கள், வேறு ஒருவரை நடத்தச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். எதிரே மட்டும் நிற்காதீர்கள்.

இன்று நான் கரைக்குப் போகவில்லை. வள்ளத்தின் சத்தம் கேட்டதும் செம்பன் எழுந்துவிட்டான். அவன் ஓடாமலிருக்க, கழுத்துப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.