இரண்டடிக்கு இரண்டடி இடம்

“உட்கார ஓர் இடம் வேண்டும். ஜெபிக்கவும். – ரோஸ்லின், கவரப்பேட்டை.”

இந்தச் சீட்டு என் நாட்குறிப்பில் ஒட்டியிருக்கிறது. எழுதியது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள், வியாழக்கிழமை, மாலை ஆறே கால் மணி. சபையின் ஜெப விண்ணப்பப் பெட்டியில் நானே போட்டு, பிறகு போதகரம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அன்பான விசுவாசிகளே, இந்தச் சீட்டுக்கு ஆண்டவர் எழுத்துப் பிசகாமல் பதில் தந்தார். நான் நினைத்தபடியும் தந்தார், சபை தப்பாகப் புரிந்துகொண்டபடியும் தந்தார்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. கார்களுக்குப் போகும் ரப்பர் வளையங்களை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் தள்ளிவிடும் வேலை. நான்காம் மேஜை என்னுடையது. மேஜை நெஞ்சு உயரம் இருக்கும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான் பார்க்க வேண்டும். உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் உட்காருவதற்கான எதுவும் அந்தக் கூடத்தில் கிடையாது. பதினோரு வருடம் அப்படியே நின்றேன்.

கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. மகளை ஆர்.கே.பேட்டையில் கட்டிக் கொடுத்துவிட்டேன். வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். வீட்டிலும் நின்றேதான் சாப்பிடுவேன். ஒருத்திக்காகத் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருவானேன் என்று தோன்றும். சௌகரியம் தேடுவது ஊழியக்காரருக்கும் விசுவாசிக்கும் ஆகாது என்று நானே ஒரு போதனை வைத்திருந்தேன். அதை யாரும் எனக்குப் போதிக்கவில்லை.

ஐப்பசி மழையில் இடது கணுக்காலுக்கு மேலே அரிப்பு தொடங்கியது. தோல் கறுத்தது. நரம்பு புழுவைப் போலச் சுருண்டு புடைத்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் புண்ணாகிவிட்டது. ஞாயிறுதோறும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதினேன். தை முடிவதற்குள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிட்டது. அரசு மருத்துவமனை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நின்னுகினே இருந்தா இது ஆறாதும்மா. ஈஸ்டர் முடிஞ்சு வா. அதுக்குள்ள மூடலன்னா தொடையிலருந்து தோல் எடுத்து வைக்கணும்.”

அப்படியென்றால் இரண்டு மாதம் படுக்கை. ஒப்பந்தத் தொழிலாளி இரண்டு மாதம் வரவில்லையென்றால் நான்காம் மேஜை வேறொருத்திக்குப் போய்விடும். காலா, வேலையா என்று ஆகிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே, என்னை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டேன்.

ஐந்தாம் மேஜைக்காரி சபித்ரி ஒடிசாவிலிருந்து வந்தவள். என் வயதுதான், ஆனாலும் அக்கா என்பாள். எங்கள் லைனில் கேட்டுக் கேட்டே தமிழ் பேசுவாள். சாம்பல் புதனுக்கு மறுநாள் என் கட்டு ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டாள். வளையங்கள் வரும் காலி கிரேட் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, “ரோசக்கா, குந்து. ரெண்டு நிமிசம். உன்துவும் நானே பாக்கறேன்” என்றாள். குந்து. அந்தச் சொல்லை ஒருவர் என்னிடம் சொல்லி எத்தனை வருடம் ஆகியிருக்கும்? உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சூப்பர்வைசர் கோமதி மேடம் வந்துவிட்டார். “ரோஸ்லின், இன்னா இது, கல்யாண மண்டபமா? பந்தி எப்ப போடுவாங்க?” லைன் முழுக்கச் சிரித்தது. எழுந்துவிட்டேன்.

அன்று மாலைதான் அந்தச் சீட்டை எழுதினேன். ஸ்டூல் என்று எழுத வெட்கமாக இருந்தது. புற்றுநோய்க்கும் குழந்தை வரத்துக்கும் மன்றாடுகிற சபையில் ஸ்டூலுக்கு ஜெபம் கேட்பதா? அதனால் ‘இடம்’ என்று மொட்டையாக எழுதினேன். அங்கேதான் பிசகினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, உபவாசக் கூட்டம். போதகரம்மா சீட்டை வாசித்தார். “பாவம், எத்தினி வருசமா வாடகை ஊட்ல இருக்குது” என்று அவர் சொன்னதும் சபையே உருகிவிட்டது. நம்ம பக்கத்தில் இடம் என்றால் மனைதானே. முப்பது பேர் முழங்காலில் நின்று எனக்கு மனை கேட்டார்கள். “பட்டாவோட குடுங்கப்பா. வில்லங்கம் இல்லாத எடமா குடுங்கப்பா. நாலு பக்கமும் எல்லை போட்டுக் குடுங்கப்பா.” எனக்கு முகம் சுட்டது. எழுந்து திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அடுத்த வெள்ளியும் அதே ஜெபம். மூன்றாம் வெள்ளி ஒரு அக்கா, நல்ல தண்ணீரும் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். என் புண் ஒரு நூல் பெரிதாகியிருந்தது. ஆண்டவரிடம் போகும் மனுவே தப்பாகப் போகிறதே என்று சோர்ந்துபோனேன்.

சீட்டு எழுதிய பதினெட்டாம் நாள், ஞாயிறு. ஆராதனை முடிந்து ஜெயசீலன் அண்ணன் என்னை நிறுத்தினார். அவருக்கு வெல்டிங் பட்டறை இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது மனையும் பார்த்துத் தருவார். ஒரு லேஅவுட் படத்தை விரித்தார். “கார்னர் மனைமா. ரெண்டு பக்கம் ரோடு. ஜெபத்துக்குப் பதில் வந்துக்கினே கீது.” எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது.

“அண்ணே, எனக்கு மனை வேணாம். கால்ல புண்ணு. வேலை செய்ற எடத்துல குந்தறதுக்கு ஒரு ஸ்டூல் வேணும். அதத்தான் எழுதனேன்.”

அவர் சிரிக்கவில்லை. படத்தைச் சுருட்டினார். “எந்தக் கால்மா?” என்று கேட்டார். சொன்னேன். கண்ணை மூடி எனக்காக ஜெபித்துவிட்டுப் போய்விட்டார்.

இருபத்தாறாம் நாள், திங்கட்கிழமை, காலை ஆறு ஐம்பது. கூடத்துக்குள் நுழைந்தேன். நான்காம் மேஜைக்கு முன்னால் ஒரு ஸ்டூல்!

நீலப் பெயின்ட் அடித்த பைப் ஸ்டூல். மேஜைக்குச் சரியான உயரம். பச்சை ரெக்சின் மெத்தை. கால்களுக்கு ரப்பர் காலணி. இடது பக்கம் மட்டும், காலை நீட்டி வைக்கச் சாய்வாக ஒரு தகடு. ஓரத்தில் வெள்ளை எழுத்தில் ‘4’. அதைச் சுற்றித் தரையில் நான்கு பக்கமும் மஞ்சள் டேப்.

எங்களைப் போன்ற கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு மஞ்சள் டேப் என்றால் என்னவென்று தெரியும். டேப் கட்டத்துக்குள் எண் போட்டு இருக்கிற பொருள் அங்கேதான் இருக்க வேண்டும். குப்பைத்தொட்டியானாலும் நகர்த்தக் கூடாது; நகர்த்தினால் ஆடிட்டில், அதாவது வெளியாட்கள் வந்து சோதிக்கும்போது, பிடித்துக்கொள்வார்கள். கோமதி மேடம் வந்தார். ஸ்டூலைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார்.

“ஆடிட்டுக்கு வச்சிருப்பாங்க. எடத்த வுட்டு நகத்தாத” என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். “இன்னா முழிக்கிற? குந்து. சும்மா வச்சிருந்தா ஆடிட்ல கேள்வி கேப்பாங்க.”

குந்தினேன். இடது காலைத் தகட்டில் நீட்டினேன். முதலில் இடுப்பு இறங்கியது, பிறகு தோள். அதற்குப் பிறகு, நான் எதிர்பார்க்காமல், கண்ணீர் வந்தது. கணவரை அடக்கம் செய்த அன்றுகூட வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டு நின்றவள் நான். அவருக்காக அழாமல் ஆறு வருடமாக நின்றிருந்த அழுகை அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததும் வந்தது. சபித்ரி என் பங்கு வளையங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நான் நிறையப் படிக்கிறவள். ஆனாலும் அன்றுதான் கவனித்தேன்: புண்ணும் ஆறுகிறது, மனசும் ஆறுகிறது. நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். உடம்புக்குச் சௌகரியம் வேறு, மனசுக்கு ஆறுதல் வேறு என்று நான்தான் பிரித்து வைத்திருந்தேன். நம்மைப் படைத்தவர் பிரிக்கவில்லை.

இடைவேளையில் ஸ்கேலை எடுத்து டேப்பை அளந்தேன். இரண்டடிக்கு இரண்டடி. அப்போதுதான் உறைத்தது. நாலு பக்கமும் எல்லை போட்டுக் குடுங்கப்பா! எல்லை போட்டே கொடுத்திருந்தார். வில்லங்கம் இல்லை, யாரும் நகர்த்தவும் முடியாது. நல்ல தண்ணீரும் எட்டடி தூரத்தில், குடிநீர்க் குழாயில். அடுத்த வெள்ளி சபையில் எல்லாவற்றையும் சொன்னேன். போதகரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பட்டா மட்டும் பாக்கி” என்றார் ஜெயசீலன் அண்ணன்.

ஆடிட் வந்தது. வந்தவர் ஸ்டூலைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் இன்னும் ஆறு மேஜைகளுக்குக் கம்பெனியே ஸ்டூல் போட்டது. சபித்ரிக்கும் ஒன்று.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய், டாக்டர் கட்டைப் பிரித்தார். புண் மிளகளவு இருந்தது. “இன்னாம்மா பண்ண?” என்றார். “குந்தினேன் சார்” என்றேன். தோல் எடுக்க வேண்டாம் என்று சீட்டில் எழுதித் தந்தார். அந்தச் சீட்டும் நாட்குறிப்பில் இருக்கிறது. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கு முந்தின வாரம் புண் முழுக்க மூடியது. அவருடைய மருந்தையும், வாரந்தோறும் கட்டுப் போட்ட நர்ஸையும் மறைத்துச் சாட்சி சொல்ல மாட்டேன். அவர்களையும் ஆண்டவர்தான் கொடுத்தார்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும், என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன்னால் குந்துங்க என்கிறேன். லைனில் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாள் என் ஸ்டூலைக் கொடுக்கிறேன். பிரியமானவர்களே, உங்களுக்கு எது வலிக்கிறதோ அதை வெட்கப்படாமல் அவரிடம் கேளுங்கள். ஸ்டூல் வேண்டுமென்றால் ஸ்டூல் என்றே கேளுங்கள். சொல்லத் தெரியாமல் தப்பாகக் கேட்டாலும் பயப்படாதீர்கள். அவருக்குப் புரியும்.

கடைசியாக ஒன்று. அந்த ஸ்டூலை அங்கே வைத்தது யார்? ஜெயசீலன் அண்ணன் பட்டறைக் கதவும் அதே நீலம்தான். கேட்டால், “கும்மிடிப்பூண்டில பாதி கேட்டு இந்தக் கலர்தாம்மா” என்கிறார். மேஜையின் உயரத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. உயரம் தெரிந்த சபித்ரி, சத்தியமாக நான் இல்லை என்கிறாள். கம்பெனி போட்ட ஆறு ஸ்டூல்களுக்கும் ஸ்டோர்ஸ் பதிவு இருக்கிறது, என்னுடையதற்கு இல்லை. செக்யூரிட்டியைக் கெஞ்சி அந்த வாரத்து கேட் பதிவேட்டைப் பார்த்தேன். ஸ்டூல் உள்ளே வந்ததாக ஒரு வரியும் இல்லை. கோமதி மேடத்திடம் கேட்டபோது, “உனக்கு வேற வேல இல்ல?” என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிட வேகமாக நடந்துபோனார். அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். வைத்த கை யாருடையது என்பது மட்டும் இன்றுவரை உறுதியாகவில்லை.