நாங்கள் போடாத பல்லேடியம்

ஆல்டிஹைடை ஆல்கஹாலாக மாற்றுவது எங்கள் தொழிலில் பாலபாடம் என்பார்கள். அதையே உலோகம் படாமல் செய்யச் சொன்னால் பாலபாடமே பரீட்சையாகிவிடும். வேதியியல் ஆய்வகத்தில் குப்பை கொட்டிய எல்லோருக்கும் இந்த வலி தெரியும்.

மெல்பர்ன் அழைப்பு

சிட்னியில் நான் வேலை பார்ப்பது சின்ன ஆய்வகம். மெல்பர்னில் வாசனைத் திரவியம் தயாரிக்கும் ஹெலன் ஒருநாள் வீடியோவில் வந்தார். சோம்பு மாதிரி மணக்கும் ஓர் ஆல்டிஹைடை, மெல்லிய பூ வாசமுள்ள ஆல்கஹாலாக மாற்றித் தர வேண்டும். ஆல்டிஹைடில் ஹைட்ரஜனை ஏற்றினால் அது ஆல்கஹால். அப்படி ஏற்ற வழக்கமாக ஓர் உலோகம் துணைக்கு நிற்கும். அது கூடாது என்றார். முன்பு வாங்கிய சரக்கு, மிச்சமிருந்த உலோகத்தால் பழுப்பேறிவிட்டதாம்.

இந்த வேலை கைகூடினால்தான் என் ஒப்பந்தம் நீளும். கடைசியில் வடிகட்டி எடுத்துவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

"எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நீங்களாவது முதலிலேயே போடாமல் இருங்கள்."

ரயிலில் ஒரு விசாரணை

ஹைட்ரஜனைத் தானே விட்டுக்கொடுக்கும் ஒரு மஞ்சள் நிறக் கரிமப் பொருள் உண்டு. அதைச் சேர்த்துக் கலக்கவிட்டேன். மாலைக்குள் ஆல்டிஹைடு காணாமல் போய், ஆல்கஹால் வந்திருந்தது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். ஹெலனுக்கு உடனே தகவல் அனுப்பினேன்.

வீடு இருக்கும் ஹோம்புஷுக்கு ரயில் ஏறியபோதும் சட்டையில் ஆல்டிஹைடு வாசம். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அன்ரி என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, பெருஞ்சீரகம் எந்தக் கடையில வாங்கினனீங்கள்? நல்ல வாசமா இருக்கு."

பழைய காந்தம்

அதையே பெரிய குடுவையில் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி செய்தேன், ஆல்டிஹைடு அப்படியே இருந்தது. பக்கத்து மேசை வாகீசன் வந்து, முதல் குடுவைக்குள் சுழன்று கலக்கிய சின்னக் காந்தத் துண்டைக் கேட்டார். பொதுப் பெட்டியிலிருந்து எடுத்தது. பெரிய குடுவையில் போட்டதோ புதிது.

"அந்தப் பழசை முந்தி எதுக்குப் பாவிச்சவை?" என்றார். விசாரித்தால், ஹைட்ரஜன் ஏற்றத் துணைக்கு நிற்கும் உலோகமான பல்லேடியத்தோடு யாரோ பயன்படுத்தியது. அதன் வெள்ளைப் பூச்சின் கீறல்களில் கறுப்பாகப் புள்ளிகள். எவ்வளவு கழுவினாலும் போகாது. பழையது ஒரு குடுவையில், புதியது இன்னொன்றில் என்று ஒரே கலவையை ஓட்டினோம். பழைய காந்தம் இருந்த குடுவையில் மட்டும் ஆல்கஹால். ஹெலனுக்கு அனுப்பிய தகவலை நான் எடுத்து மறுபடி படித்தேன். வாகீசனுக்கோ கண்ணில் ஒரே குதூகலம்.

"நாங்கள் போடேல்லை, ஆனா உள்ளுக்கு இருக்கு. இதை எப்பிடி அவவுக்குச் சொல்லப் போறீங்கள்?"

சொன்னேன்

காந்தத்தையே கேமரா முன் தூக்கிக் காட்டினேன். ஒப்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். ஹெலன் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து அந்தப் புள்ளிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடக்காததற்குக் காரணம் சொல்பவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நடந்ததற்குக் காரணம் தேடியிருக்கிறீர்கள். இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கொள்ளுங்கள்."

ஒன்றுமில்லை

புதுக் குடுவை, புதுக் காந்தம். கரைப்பானை மாற்றி, சூட்டை ஏற்றி, ஒரு கரிம அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்துப் பார்த்தோம். எதிர்வினை நத்தை வேகத்தில் நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. விளைச்சல் சுமார்தான். மாதிரியை உலோகப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஹெலன் ஆர்டர் கொடுத்தார், என் ஒப்பந்தமும் நீண்டது. ஆனால் எனக்குப் பிடித்தது, அதற்கு முன்னால் பரிசோதனைக்கூடத்துப் பெண் தொலைபேசியில் சந்தேகத்தோடு சொன்னதுதான்.

"கருவியில் கோளாறோ என்று திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன், நிஜமாகவே ஒன்றுமில்லை."

போட்டதைக் காட்ட யாராலும் முடியும், போடாததைக் காட்டத்தான் எங்களுக்குச் சம்பளம்.