அக்காவின் மரத்துக்கு ஒரு டோப்பா

"குடிச்சியா? இன்னும் வேணுமா? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்!" என்று அதட்டிக்கொண்டே மரத்தின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார் டோப்பாக்காரர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள குட்டைச் சுவருக்கு அப்பால் காலைதோறும் நடக்கும் கூத்து இது. ஊரெல்லாம் செடிக்குக் காலடியில் தண்ணீர் விடும். இவர் உச்சியில் தொடங்கி, முதுகு, இடுப்பு என்று உடம்பு முழுக்கக் குளிப்பாட்டுவார். கேட்டால், "தண்டுன்னு நெனச்சீங்களா? அத்தனையும் வேரும்மா. ஒடம்பு பூரா தாகம்" என்பார்.

மரப்பெரணி என்று பெயர். கறுத்துச் சடைபிடித்த உடம்பு. மேலே குடை விரித்தாற்போல் நீள நீளமான பச்சை ஓலைகள். பின்கட்டில், வெயிலும் காற்றும் நேராக அடிக்காத மூலையில் மூன்று நிற்கின்றன. வளர்வதில் அப்படியொரு சோம்பேறித்தனம். வருஷத்துக்கு ஒரு விரல்கடை ஏறினாலே, "பய கெளம்பிட்டான்" என்று சுவருக்கு மேலாக என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. "ஆமாமா" என்று வைப்பேன்.

தொழில் டோப்பா கட்டுவது. முன்னறை அலமாரி முழுக்க மொட்டை மரத்தலைகள். நாடகக்காரர்களுக்கு ராஜா தலை, கிழவி தலை எல்லாம் செய்வார். நோயில் முடி கொட்டியவர்கள் வந்தால், பழைய போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டு, அவர்களுடைய தலையையே திருப்பிக் கொடுப்பார். வலைத்துணியில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போடும் வேலை. இதில் வேடிக்கை என்னவென்றால், இவருக்கே சுருட்டைச் சுருட்டையாக அடர்ந்த முடி. வருகிறவர்கள் அதைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். "இழுத்துப் பாருங்க, கூச்சப்படாதீங்க" என்று குனிந்து கொடுப்பார். நானும் ஒரு தடவை இழுத்தேன். சொந்த முடிதான். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பனி கொட்டும் எங்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் மரங்களுக்கு உடுத்திவிடுவார். ஓலைகளை மேலே மடக்கிக் கட்டி, உச்சிக் குழியில் வைக்கோல் திணித்து, சாக்கு சுற்றுவார். உயிர் இருப்பது அந்தக் குழியில்தான். அங்கே உறைபனி இறங்கினால் மரமே காலி. பக்கத்தில் கிளை விட்டுப் பிழைத்துக்கொள்ளும் சாமர்த்தியமெல்லாம் இதற்குக் கிடையாது. "எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்க ரெண்டு வருஷம் யோசிச்ச மனுஷன்" என்று அவர் மனைவி ஜன்னல் வழியாகச் சொல்வார். அது அவர் காதில் விழாது.

மூன்றில் நடுவில் நிற்பது அவருடையதில்லை. அவருடைய அக்காவுடையது. இடுப்பு உயரத்தில் வாங்கித் தோள் உயரத்துக்கு வளர்த்த மரம். மாடிக் குடியிருப்புக்குப் போகும்போது, "புள்ளைங்களைக்கூட விட்டுட்டு இருந்துருவேன்டா, இத விட்டுட்டு எப்படி இருப்பேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்படைத்தார். அக்கா லேசுப்பட்ட ஆளில்லை. வாங்கிய ஏணியைத் திருப்பித் தராத பெரிய தம்பியோடு வருஷக்கணக்கில் பேச்சு கிடையாது. ஏணி எப்போதோ திரும்பி வந்துவிட்டது, பேச்சுதான் வரவில்லை. சின்னத் தம்பியான டோப்பாக்காரரை இடுப்பில் தூக்கி வளர்த்தவரும் அந்த அம்மாதான். இரண்டு பேரும் தினம் போனில் சண்டை போடுவார்கள். "எங்கக்கா திட்டலைன்னா எனக்குத் தூக்கம் வராதும்மா" என்பார். உண்மைதான். அவரை உரிமையோடு திட்ட உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

போன குளிர்காலத்தில் மனிதருக்குப் புத்தி எங்கோ போய்விட்டது. அக்கா மரத்துக்கு வெறும் வைக்கோலா என்று யோசித்து, கடையில் மிஞ்சிய தலைமுடியை, அதிலும் உயர்ந்த ரகமாகப் பார்த்துப் பொறுக்கி, உச்சிக் குழியில் திணித்தார். "மனுசன் தலைக்கே முடிதானே கதகதப்பு?" என்று என்னிடம் பெருமை வேறு. மழை பெய்தது. முடி நனைந்து கட்டிதட்டி, அதன்மேல் பனி விழுந்து கல்லாக உறைந்தது. குளிர் விலகியதும் இவருடைய இரண்டு மரங்களும் சுருண்ட குருத்துகளை நீட்டின. நடுமரம் ஓலையெல்லாம் கருகி மொட்டையாக நின்றது.

தம்பி நாளுக்கு நாள் இளைத்தார். அக்கா போனில், "எப்படிடா இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம், "ஜம்முன்னு இருக்குக்கா" என்றார். "அப்ப வந்து பாக்கறேன்" என்றுவிட்டார் அக்கா.

அப்புறம் என்ன, தெரிந்த தொழில் கைகொடுத்தது. வலைத்துணியில் குல்லா, அதில் சன்னக் கம்பி, கம்பியில் பச்சைத் துணியை இலை இலையாக நறுக்கி ஊசியால் கோத்த ஓலைகள். மரத்தின் தலையில் மாட்டியதும் நானே அசந்துபோனேன். ஒரு குருவி வந்து உட்கார்ந்து பார்த்தது. ஒரே கோளாறு, தூறல் விழுந்தால் சாயம் வடிந்தது. மேகம் கறுத்தாலே குடையோடு ஓடிப்போய் மரத்துக்குப் பிடிப்பார். "நீங்க வாயத் தொறக்கக் கூடாதும்மா" என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். ரகசியம் என் வாயில் தங்கினது அதுதான் முதல் தடவை.

அக்கா வந்தார். நான் துணி உலர்த்தும் சாக்கில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தேன்.

"அடேயப்பா! என்கிட்ட இருந்தப்பகூட இவ்வளவு தளதளன்னு இல்லையேடா!" என்று கன்னத்தில் கைவைத்தார். அடுத்த நொடி பூவாளியைத் தூக்கினார். "தள்ளு, நான் ஊத்தறேன்."

"ஐயோ வேணாங்கா! ஒனக்கு இடுப்புவலி!"

"எனக்கு எங்கடா இடுப்புவலி?"

"தலைல... தலைல பூச்சி இருக்குக்கா!" என்று பாய்ந்து, குல்லாவைக் காப்பாற்ற அதன் அடியில் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. கம்பி குத்திவிட்டது என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மெல்ல விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவையும் தடவினார்.

"அக்கா!" என்று அலறி, மொத்த டோப்பாவையும் ஒரே பிடியில் பிடுங்கினார். "குருத்து வந்துருச்சுக்கா! கொன்னுட்டேன்னு நெனச்சேன், சாகலக்கா! முடிய அடைச்சது நான்தான், அறிவு கெட்டவன் நான்தான், சாகலக்கா!" என்று உளறியபடி அக்காவின் கையைப் பிடித்து இழுத்து உச்சிக் குழிக்குள் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். பழுப்பு ரோமத்தோடு, பச்சைக் குழந்தையின் மூடிய கைபோல ஒன்று உள்ளே இருந்தது.

அக்காவின் கை உள்ளேயே இருந்தது. கண் மட்டும் தம்பி கையிலிருந்த துணி ஓலைகள்மேல் போனது. என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் டோப்பாக்காரருக்கு உறைத்தது. வெளுத்துப்போனார்.

"பேசுக்கா" என்றார். "திட்டவாவது செய்க்கா."

அந்த அம்மா உள்ளே இருந்த கையை எடுக்காமலே, இன்னொரு கையால் டோப்பாவைப் பிடுங்கித் தம்பி தலையில் பொத்தென்று கவிழ்த்தார்.

"நான் கெளம்பற வரைக்கும் இது ஒன் தலைலதான் இருக்கணும். எடுத்தியோ, அத்தோட நம்ம பேச்சு முடிஞ்சுது. மடையா!"

"சரிக்கா" என்றார் டோப்பாக்காரர். கண்ணில் தண்ணீர் நின்றது. இரண்டு கைகளையும் தூக்கி, கோணலாகக் கிடந்த அதை நெற்றிக்கு நேராக இழுத்து, ஓரத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டார்.