பாதி விலை மேசை

பிள்ளைகளே, சாப்பாட்டு மேசையைப் பற்றி நான் எழுதுவேன் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நானும் நினைக்கவில்லை. ஆனால் என்றோ ஒருநாள் நீங்கள் இந்த வீட்டை ஒதுக்குவீர்கள். அப்போது மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த மனுசன் ஏன் இதை வாங்கினார் என்று திட்டுவீர்கள். பிறகு தெருவோரத்தில் வைத்து 'இலவசம்' என்று ஒரு தாளை ஒட்டிவிடுவீர்கள். ஒட்டுவதற்கு முதல் இதை வாசியுங்கள். இது உண்மையான மரம். உங்கள் பெரிய மாமா என்ன சொல்லியிருந்தாலும் உண்மையான மரம்.

இதற்கு முதல் இருந்த மேசை தட்டையான பெட்டியில் வந்தது. கூடவே வந்த வளைந்த சாவியால் நானே முறுக்கிப் பூட்டினேன். மரத்தூளைப் பசையில் குழைத்து அமத்தி, மேலே மரத்தின் படத்தை ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் அப்பளம் போலப் பொங்கும். உங்கள் அம்மா அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும் கவனத்தைப் பார்த்தால், யாருடைய காயத்துக்கோ மருந்து வைக்கிறாள் என்று தோன்றும்.

அந்த மேசையின் கடைசி நாள் சின்னவனின் பிறந்தநாள். பெரிய மாமா வந்திருந்தார். மாமாவை உங்களுக்குத் தெரியும். என்றாலும் என் கணக்கில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். அவர் அம்மாவின் மூத்த அண்ணன். கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் போன் கடை வைத்திருப்பவர். அவருக்குத் தெரியாத சாமான் உலகத்தில் இல்லை. நாங்கள் வாங்கும் எதையும், வாங்கிய பிறகு, வாங்கியிருக்கக் கூடாது என்று சொல்வதற்கு அவர் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து வெம்பிளியில் எங்கள் வீடு வரை ரயிலேறி வருவார். அன்று அவர் மேசையின் மூலையில் கையை ஊன்றிக்கொண்டு நாட்டு அரசியல் கதைத்தார். கதை சூடாகும்போது மூலை முறிந்தது. ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி சரிந்து வந்து அவருடைய சந்தன நிறக் காற்சட்டையில் இறங்கியது.

கறி துடைத்தால் போய்விடும். கதை போகவில்லை. கலியாண மண்டபம், சாமத்திய வீடு, ஈலிங் அம்மன் கோயிலில் அன்னதான வரிசை, எங்கே நாலு பேர் நின்றாலும் மாமா தொடங்குவார். "மச்சான் வீட்டில ஆரும் கையை ஊண்டிக் கதைக்காதேங்கோ. மேசைக்கும் மச்சானுக்கும் ஒரே முதுகெலும்பு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்னைப் பற்றிய பகிடிக்கு நானே முதலில் சிரித்து முடிப்பது, அம்மாவைக் கட்டிய நாளிலிருந்து எனக்குப் பழக்கம்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு ஆசை வளர்ந்தது. என் வீட்டில் ஒரு மேசை இருக்க வேண்டும். அதில் மாமா கையை ஊன்ற வேண்டும். அது அசையக் கூடாது. "நல்ல சாமான் வாங்கியிருக்கிறீர்" என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். சிலருக்குப் பென்ஸ் கார் ஆசை. எனக்கு இது.

நோர்த் சேர்க்குலர் வீதிப் பக்கம் இருக்கிற பெரிய தளபாடக் கடைக்குப் போனோம். நான் லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து அந்தக் கடையின் வாசலில் 'மலிவு விற்பனை, கடைசி நாட்கள்' என்று சிவப்புத் துணி தொங்குகிறது. உள்ளே எல்லாமே ஓக், இந்த நாட்டில் பெயர் போன உறுதியான மரம். ஒரு மேசையில் 'ஓக் ஃபினிஷ்'. அடுத்ததில் 'ஓக் எஃபெக்ட்'. அதற்கடுத்ததில் 'ஓக் வெனியர்'. நான் அதிகம் படித்தவன் அல்ல என்றாலும் போர்டுகளை ஆறுதலாக, சொல் சொல்லாக வாசிக்கிறவன். ஃபினிஷ் என்றால் நிறம் மட்டும் ஓக். எஃபெக்ட் என்றால் பார்க்கிறவருக்கு ஓக் என்ற எண்ணம் வந்தால் போதும். வெனியர் என்றால் தோல் மட்டும் ஓக், உள்ளே வேறு யாரோ. எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர்களில் மூன்று வகையும் எனக்குத் தெரியும்.

ஒரு மேசையில் கண் போல ஒரு மரக்கணு இருந்தது, அழகான கணு. பக்கத்து மேசைக்குப் போனேன். அதே கணு, அதே இடத்தில், அதே பார்வை. மரம் இரட்டைப் பிள்ளை பெறுவதில்லை. படம்தான் பெறும்.

கடைசியில் 'சொலிட் ஓக்', அதாவது உள்ளும் புறமும் ஓக், என்று போட்ட மேசை. போர்டை நம்பாமல் நிலத்தில் படுத்துக் கீழே பார்த்தேன். மேலே ஓடுகிற ரேகை விளிம்பில் மடங்கி, வெட்டுமுகத்தில் வளையங்களாக முடிகிறதா என்று விரலால் தடவினேன். முடிந்தது. அடிப்பக்கமும் மரமாகவே இருந்தது. அம்மா அதற்குள் மின்விளக்குப் பகுதிக்குப் போய், என்னைத் தெரியாத மனுசியாக நின்றாள்.

விற்பனைப் பையன் சூட் போட்டிருந்தான். மேசைக்கு அடியிலிருந்து வந்த என்னைப் பார்த்து, உதவி வேண்டுமா சேர் என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஒரு காலில் சிறு கீறல் இருப்பதைக் காட்டினேன். மரத்தின் இயற்கையான குணம் என்றான். குணம் நல்லது, விலையிலும் கொஞ்சம் குணத்தைக் காட்டு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மனேஜரைக் கேட்பதாகச் சொல்லி, தொட்டியில் நின்ற பிளாஸ்டிக் வாழைக்குப் பின்னால் போனான். அங்கே யாரும் இல்லை. எனக்கு அவன் தோள் தெரிந்தது. திரும்பி வந்து, மனேஜர் மிகவும் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார் என்றான். நன்றாகக் குறைந்தது. ஆறு கதிரைகளும் மரத்தில் வந்தன. ஏற்றி வருகிற கூலியும் இல்லை. நல்ல மரத்துக்கு நல்ல விலை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காரில் நான்தான் பாட்டுப் பாடினேன்.

மேசை வருவது செவ்வாய்க்கிழமை, காலைக்கும் இரவுக்கும் இடையில் ஏதோ ஒரு நேரம் என்று கடை அறிவித்தது. இந்தக் கடைக்காரருக்கு ராகுகாலம் என்று ஒன்று இல்லை. லொறி வந்து நின்றது சரியாகப் பின்னேரம், ராகுகாலத்தின் நடுவில். அம்மா வாசலை மறித்தாள். வந்த இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். ரோல்ஸ் கொடுத்தாள். அவர்கள் எழும்ப எழும்ப மறுபடி ரோல்ஸ் கொடுத்தாள். இப்படி ஒரு வீட்டை வாழ்க்கையில் கண்டதில்லை என்று அவர்கள் உருகிப் போனார்கள். ராகு போனதும் அம்மா தட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு, இனித் தூக்கலாம் என்றாள்.

மேசைக்கால்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்தோம். அடுத்த நாளே அம்மா ஈலிங் ரோட்டுக்குப் போய், மீட்டர் கணக்கில் விற்கிற தடித்த கண்ணாடி பிளாஸ்டிக்கை வாங்கி வந்து மேலே விரித்தாள். மரம் வாங்கியது மரத்தைப் பார்க்கத்தானே என்றேன். பிளாஸ்டிக்குக்குள்ளால் தெரிகிறதுதானே என்றாள். உங்களுக்குத் தெரியும், அவளுடைய சோபாவும் அப்படித்தான், காரின் பின் இருக்கையும் அப்படித்தான்.

இனி விலைக்கு வருகிறேன். எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. புதுச் சாமானைக் கண்டால் முதல் கேள்வி, எங்கே வாங்கினது. இரண்டாவது, என்ன விலை. நீங்கள் எந்த விலை சொன்னாலும், அதைவிட மலிவாக விற்கிற ஓர் இடம் கேட்டவருக்குத் தெரிந்திருக்கும். அதனால் எல்லோரும் பாதி விலைதான் சொல்வார்கள். கோட்டுக்குப் பாதி, காருக்குப் பாதி, மூத்த மகளின் கலியாண மண்டபத்துக்கும் பாதி. லண்டனில் எங்கள் ஆட்கள் யாரும் எந்தச் சாமானையும் முழு விலைக்கு வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்த நாட்டுக் கடைகள் எப்படித்தான் பிழைக்கின்றனவோ.

மாமா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறார் என்றதும் அம்மா உங்களைக் கூப்பிட்டு நிறுத்தி விலையைப் பாடமாக்க வைத்தாளே, நினைவிருக்கிறதா? மாமா கேட்டால் இவ்வளவுதான். சரியாகப் பாதி. சின்னவன் மட்டும் யோசித்துவிட்டு, "அப்ப மிச்ச மேசை எங்க, அம்மா?" என்று கேட்டான். அவனுக்கு ஒரு குட்டு விழுந்தது. எனக்கு விலையை மறைக்க மனமில்லை. நல்ல மரம், நல்ல விலை, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்றேன். முழு விலையைச் சொன்னால் அண்ணை ஈலிங் கோயில் வரைக்கும் சிரிப்பார், பரவாயில்லையா என்று அம்மா கேட்டாள். பாதி விலையை நானும் பாடமாக்கினேன்.

மாமா வந்தார். சப்பாத்தைக் கழற்ற முதலே மேசையைக் கண்டார். விலையைக் கேட்டார். அம்மா சொன்னாள்.

மாமா சிரிக்கவில்லை. பிளாஸ்டிக்கை ஒரு ஓரத்தில் தூக்கிப் பார்த்தார். விரலை மடக்கித் தட்டினார், கதவைத் தட்டுவதுபோல. பிறகு போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு, அந்த வயிற்றோடு, மேசைக்குக் கீழே போனார். கீழேயிருந்து அவருடைய குரல் வந்தது.

"மச்சான், இது மரம் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

சொலிட் ஓக் என்றேன்.

"உந்த விலைக்கோ? உந்த விலைக்கு மரம் இல்லை, மரத்தின்ர போட்டோவும் தரமாட்டாங்கள். இந்தா பாரும், ஒட்டு."

பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பசையால் பொருத்தித்தான் மர மேசையின் மேற்பலகை செய்வார்கள். ஒரே துண்டில் மேசை வேண்டுமென்றால் காட்டுக்குள் போய் அடிமரத்தில் சாப்பிட வேண்டும். இதைச் சொல்லலாம். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: உண்மையான மரம் என்றால் அந்த விலைக்கு எப்படி?

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மரம் உண்மை என்றால் விலை பொய்யாகிறது. அம்மா தன் அண்ணனுக்கு முன்னால் பொய்க்காரி, நான் முழு விலை கொடுத்த மடையன். விலை உண்மை என்றால் மரம் பொய்யாகிறது. நல்ல மரத்தையும் நல்ல விலையையும் சேர்த்து வாங்கி வந்த நான், இரண்டில் ஒன்றைத்தான் வீட்டில் வைத்திருக்கலாம். அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்று என்னைப் பார்த்தாள். பெரியவள் தட்டைப் பார்த்தாள். சின்னவன் வாயைத் திறந்தான். பெரியவள் மேசைக்குக் கீழே அவனை உதைத்தாள். அங்கே மாமா இருந்ததால் உதை யாருக்கு விழுந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது.

"ஒட்டுத்தான் போல," என்றேன்.

மாமா மேலே வந்து கைகளைத் தட்டிவிட்டு, என் தோளில் ஒரு கையை வைத்தார்.

"பரவாயில்லை மச்சான். விலைக்கு ஏத்த சாமான். உண்மையான மரத்துக்குக் காசைக் கொட்டாமல், முதல் தரம் புத்தியா ஒரு சாமான் வாங்கியிருக்கிறீர்."

நான் கேட்க ஆசைப்பட்ட சொல் வந்துவிட்டது. வேறொரு மேசைக்கு வந்தது.

மாமா அதோடு விட்டிருக்கலாம். தன் மகளின் புது வீட்டுக்கும் இதே விலையில் ஒன்று சொல்லிவிடச் சொன்னார். அம்மா முந்திக்கொண்டாள். "அண்ணை, அது கடைசிப் பீஸ்," என்றாள். கடைசி நாட்கள் என்று துணி கட்டித் தொங்கவிட்டிருக்கிற கடைதானே, மாமா நம்பினார்.

பிறகு சாப்பிட்டோம். ஆட்டிறைச்சிக் கறிதான். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்ட பிறகு மாமா பழைய மேசையின் கதையைத் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் அன்று கூடவே இருந்தவர்கள், எங்களுக்கே சொன்னார். முறிந்த கட்டம் வந்ததும், எப்படி முறிந்தது என்று காட்டுவதற்காக எழும்பி நின்று, இந்த மேசையின் மூலையில் இரண்டு கைகளையும் ஊன்றி, முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினார். அவருடைய பாரம் உங்களுக்குத் தெரியும். குவளையில் இருந்த தண்ணீர் அசையவில்லை. ஒரு முனகல் இல்லை. அவர் அமத்திக்கொண்டே, "இப்பிடித்தான், இப்பிடித்தான்," என்று சொல்லிச் சிரித்தார். மேசை அசையாததை நான் மட்டும்தான் பார்த்தேன். மற்றவர்கள் கதையைக் கேட்டார்கள்.

அம்மா அன்று இரண்டு முறை நான் கேட்காமலே எனக்கு எலும்போடு சேர்த்து நல்ல துண்டுகளாகப் போட்டாள். அவள் மன்னிப்புக் கேட்கிற விதம் அது. நான் ஏற்றுக்கொண்டேன், கறி நன்றாக இருந்தது.

உண்மை விலையை இங்கேயும் எழுதப் போவதில்லை. இந்தத் தாள் மாமாவின் கையில் போகாது என்று யார் சொல்ல முடியும். நீங்கள் கேட்டால் வாயால் சொல்வேன், அதுவும் அவர் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும்போது.

அடுத்த நாள் எனக்குக் காலை ஷிப்ட். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா வேலையில். தேத்தண்ணி போட்டேன். பிளாஸ்டிக்கை மூலையில் பிடித்து உரித்தேன். மரத்தை விட மனமில்லாததுபோல மெதுவாகக் கழன்றது. அதைச் சுருட்டிக் கதிரையில் வைத்தேன். சப்பாத்தைக் கழற்றினேன். மாமா ஊன்றிய அந்த மூலையைப் பிடித்து மேசையில் ஏறி, நடுவில் சம்மணம் கட்டி இருந்து, தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.