ஈரப் பெயின்டில் ஐந்து கீறல்கள்

பட்டப்பகலில் எந்தப் பேய் வரும் என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். இது பட்டப்பகலில்தான் நடந்தது. ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

பழைய மரச்சாமான்களுக்குப் பெயின்ட் அடித்துப் புதிதாக்கும் பட்டறை. முதலாளியும் அவளும் மட்டும்தான். அங்கே அவள் பெயர் ‘தூங்குமூஞ்சி’. முதலாளி வைத்தது. அவள் தங்கைக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து நாற்பது நாள் ஆகிறது. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று வீல் என்று ஆரம்பிக்கும். தங்கை புருஷன் போன இடம் தெரியவில்லை. ராத்திரியெல்லாம் தோளில் போட்டுத் தட்டிவிட்டு, காலையில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல வேலைக்கு வருவாள். வீட்டில் நான்கு வயிறு. சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

தூக்கக் கலக்கத்தில் ஏற்கெனவே ஒரு பீரோவையும் ஒரு கட்டிலையும் கெடுத்திருந்தாள்.

“இது மூணாவது. பியானோவும் கெட்டுச்சுன்னா நீ வீட்டுலயே காலை நீட்டித் தூங்கலாம், தாயே,” என்றார் முதலாளி.

பியானோவைக் கொண்டுவந்தவள் நடுத்தர வயதுக்காரி. கறுத்து, தேய்ந்து, மூலைகள் உடைந்த பியானோ. விரல் வைத்து வாசிக்கும் கட்டைகளுக்குப் பின்னால் நிற்கும் பலகை முழுக்கக் கோடுகோடாகக் கீறல்.

“அம்மாவோடது. நகம் வெட்டவே மாட்டாங்க. வாசிக்கிறப்ப பலகையில இடிச்சு இடிச்சு இப்படி ஆயிடுச்சு. இனி வாசிக்க யாரு இருக்கா? என் ஹாலுக்கு ஏத்த மாதிரி மயில்கழுத்துக் கலர் அடிச்சுக் கொடுங்கக்கா.”

செத்துப்போன அம்மா என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் கேட்கவில்லை.

கட்டைகளின் மேல் டேப் ஒட்டினாள். கீறல்களுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். வர்ணத்தைத் தன் கையாலேயே மூன்று டப்பாக்களிலிருந்து கலந்தாள். நீலமுமில்லை, பச்சையுமில்லை. கடையில் கிடைக்காத நிறம்.

புதன்கிழமை முதல் கோட். முதலாளி சாப்பிட்டுக் கண்ணயர வீட்டுக்குப் போய்விட்டார். தூசி படியக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கதவை உள்ளே தாழிட்டாள். சுவரில் சாய்ந்தவள் ஒரு நிமிடம் கண்ணை மூடினாள்.

டக்... டக்... டக்...

விழித்தாள். மணி 3.10.

பியானோவின் பலகையில், ஈரப் பெயின்டில், ஐந்து கீறல்கள்.

தூக்கத்தில் நாமே கையை வைத்துவிட்டோமா? அலுத்துக்கொண்டே தேய்த்து மறுபடி அடித்தாள்.

வியாழன். அதே 3.10. அதே ஐந்து.

தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். பச்சைப் பிள்ளைகளைத் தூக்குகிற கை. நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தாள். அந்த விரல்களால் கோழிக்குஞ்சைக்கூடக் கீற முடியாது.

கதவைப் போய்ப் பார்த்தாள்; தாழ் போட்டது போட்டபடியே இருந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளியே பார்த்துவிட்டார்.

“தூக்கத்துல தாளம் போட்டியா?”

“நான் இல்லீங்க.”

“பின்ன பேயா? நாளைக்கு நாலு மணிக்கு வருவேன். பலகை கண்ணாடி மாதிரி இருக்கணும். இல்லன்னா திங்கக்கிழமை வராதே.”

சனிக்கிழமை. கடைசிக் கோட். 2.40க்கு முடித்தாள். தாழிட்டாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, பியானோவின் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

3.05... ஒன்றுமில்லை.

3.08... கண்கள் செருகின. தொடையைக் கிள்ளிக்கொண்டாள்.

3.10.

பெஞ்சின் இடது பக்கம் கீச்சென்றது.

யாரோ உட்கார்ந்ததுபோல... பெஞ்ச் லேசாகச் சாய்ந்தது.

டக்.

டேப் ஒட்டிய கட்டை ஒன்று தானாகத் தாழ்ந்தது.

டக்... டக்...

அவள் கண்ணெதிரே, ஈரத்தில் ஒரு கோடு விழுந்தது.

மெதுவாக...

மிக மெதுவாக...

கத்தியிருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். கத்தவும் அவளிடம் தெம்பு இல்லை. அழுகைதான் வந்தது.

“ஏம்மா என் பொழப்புல மண்ணைப் போடுறீங்க? ரெண்டு பச்சைக் குழந்தைங்க இருக்கு வீட்டுல. நாற்பது நாளா நான் கண்ணை மூடல. உங்களுக்கும் அசதியா இருக்குமில்ல? போதும்மா. போய்த் தூங்குங்க.”

சத்தம் நின்றது.

பெஞ்ச் நிமிர்ந்தது.

மணி 3.22.

அந்த ஒற்றைக் கோட்டை பிரஷ்ஷால் நீவி மறைத்தாள். நாலு மணிக்கு வந்த முதலாளி குனிந்து தன் மீசையைப் பலகையில் பார்த்துக்கொண்டார்.

“தூங்குமூஞ்சி, பொழைச்சுப் போ. திங்கக்கிழமை வந்துடு.”

பியானோவை எடுத்துப்போக யாரும் உடனே வரவில்லை. புதன்கிழமைதான் அந்த மகள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“அம்மா போயிட்டாங்கக்கா. சனிக்கிழமை.”

“எந்த அம்மா?”

“எனக்கு எத்தனை அம்மா? நாலு மாசமா ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. கை கால் அசையாது. பேச்சும் கெடையாது.”

அவள் பெஞ்சின் இடது பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

மகள் பையிலிருந்து ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே வெட்டிய நகத்துண்டுகள். அடியில் உலர்ந்த பெயின்ட். மயில்கழுத்து நிறம்.

“கடைசி நாலு நாளா மத்தியானம் மத்தியானம் நகத்துல இது இருந்துச்சாம். நர்ஸ் என்னைத் திட்டுறாங்க. சத்தியமா நான் அம்மாகிட்ட பெயின்ட் விஷயத்தைச் சொல்லவே இல்லக்கா.”

“எத்தனை மணிக்குப் போனாங்க?”

“மூணு இருபத்திரெண்டு. சாகறப்ப பேசினாங்களாம். தெளிவா. பக்கத்துல யாரோ உக்காந்திருக்கற மாதிரி திரும்பிப் பார்த்து...”

“என்ன... சொன்னாங்க?”

“‘சரிம்மா, தூங்கறேன். நீயும் வா’ன்னு.”

அவளுக்குக் கொட்டாவி வந்தது.