தவக்காலத்துச் சர்க்கரை

சர்க்கரை நோயாளிகளில் என்னைப் போல ஒரு உத்தமி கிடையாது என்று என் டாக்டர் ஏழு வருஷம் நம்பினார். நம்ப வைத்தவள் நான்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தினேன். கணையத்தைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லி, கோடு கோணலாகப் போனால் அரை மார்க் குறைத்த கை இது. அதே கைதான் மாலைக் காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டது. தீபாவளிக்கு எதிர்வீட்டு ஜாங்கிரி, ரம்ஜானுக்கு மாடிவீட்டு ஷீர்குர்மா, ஈஸ்டருக்கு எங்கள் வீட்டுக் கேக். இனிப்பு விஷயத்தில் எனக்கு எம்மதமும் சம்மதம்.

ஆனால் தவக்காலம் வந்துவிட்டால் நான் வேறு ஆள். விபூதிப் புதனிலிருந்து நாற்பது நாள் இனிப்பைத் தொட மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி, அதாவது ஒரே வேளைச் சாப்பாடு. தினமும் சாந்தோமுக்கு நடந்தே பூசைக்குப் போவேன். இதெல்லாம் கடவுளுக்குப் பயந்து செய்ததுதான், பொய் சொல்லக் கூடாது. ஒரு வருஷம் தற்செயலாக, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் எடுத்ததும், சாப்பிட்டபின் எடுத்ததும், இரண்டுமே வகுப்பில் முதல் மாணவி மாதிரி வந்து நின்றன. ருசி கண்ட பூனை ஆகிவிட்டேன். அதன்பின் வருஷத்துக்கு ஒரே டெஸ்ட், அதுவும் பெரிய வாரத்தில்தான்.

மந்தைவெளியில் கிளினிக் வைத்திருக்கும் என் டாக்டர் ராயப்பேட்டை முஸ்லிம் குடும்பத்துப் பெண், என்னைவிட இருபது வயது சின்னவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார். முட்டி வலி, மழை, பேத்திக்குப் பரீட்சை என்று எதையாவது சொல்லித் தப்பிப்பேன். பழைய சீட்டைக் காட்டினால் மெடிக்கல் கடையில் மாத்திரை கிடைத்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், என் பேஷண்ட்லயே நீங்கதான் ஒழுங்கு. இதே மாத்திரை போதும். கண்ணை மட்டும் வருஷம் ஒரு தடவை காட்டிடுங்க" என்பார். சர்க்கரைதான் சமர்த்தாக இருக்கிறதே, கண்ணுக்கு என்ன கேடு என்று நான் போகவே இல்லை.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிறு, பூசையில் வாசகம் படிக்க ஏறினேன். வலது கண்ணுக்குள் கறுப்பாக நூல் ஒன்று நீந்தியது. வரிகளில் பாதியைக் காணோம். ஞாபகத்தில் இருந்ததைச் சொல்லி ஒப்பேற்றிவிட்டு இறங்கினேன்.

மறுநாளே டாக்டர் ஆழ்வார்பேட்டைக் கண் டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். ஆட்டோவில் அதைப் பிரித்து இடது கண்ணால் படித்தேன். ஏழு வருஷமாகச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். வெட்கங்கெட்டவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார். கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார்.

"இதுல எழுதியிருக்கிறதும் உங்க விழித்திரையும் ஒத்துப்போகலையேம்மா. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. இது பல வருஷத்துச் சேதம்."

லேசர் வைத்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்புமா என்று சொல்ல முடியாது, எதுவானாலும் சர்க்கரை இறங்கியாக வேண்டும் என்றார். மூன்று மாதச் சராசரி பார்க்கும் டெஸ்டும் எழுதிக் கொடுத்தார்.

வீடு திரும்பும்போது ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, கண்ணுல தண்ணியா ஊத்துது?"

"சர்க்கரைப்பா."

"எங்க வூட்லயும் கீது. இன்னா சொன்னாலும் கேக்காது. டாக்டராண்ட மட்டும் நல்ல புள்ள மாதிரி தலைய ஆட்டிக்கினு வரும்."

அவர் மனைவிக்குப் பரிந்து பேச வாய் வரவில்லை.

ஏழைத் தாண்டக் கூடாத சராசரி இரட்டை இலக்கத்தில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மந்தைவெளிக்குப் போனேன். டாக்டர் என் ஏழு வருஷ ரிப்போர்ட்டுகளையும் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன் டீச்சர். உங்களைக் கையோட பிடிச்சுக் கண்ணுக்கு அனுப்பியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

மாதம் தவறாமல் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். பக்கத்து வீட்டுக்காரியைப் புறம் பேசியதுவரை ஒப்பித்திருக்கிறேன். இதை மட்டும் சொன்னதே இல்லை. இது பாவத்தில் சேரும் என்று தோன்றவே இல்லை. என் திருட்டுத்தனத்துக்கு அவர் என்னிடமே மன்னிப்புக் கேட்டபோது உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"தேதியைப் பாருங்க டாக்டர்" என்றேன். "எல்லாமே எங்க தவக்காலம். மத்த நாள்ல நான் இப்படி இல்லை." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

அவர் ஏழு தேதிகளையும் பார்த்தார்.

"ரம்ஜான்ல எங்க ஆளுங்க டெஸ்ட் பக்கமே வர மாட்டாங்க. நீங்க நோன்புல மட்டும் வந்திருக்கீங்க."

கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மாத்திரையை மாற்றினார், ஊசி சேர்த்தார். கண் டாக்டருக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதினார். அதை நான் பிரித்துப் படிக்கவில்லை, என்ன இருக்கும் என்று தெரியும்.

"இனிமே நான் சொல்ற நாள்லதான் ரத்தம் கொடுக்கணும். அடுத்தது டிசம்பர் இருபத்தாறு, காலையில."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஜனவரி கடைசியில் வருகிறேனே என்று வாயைத் திறந்தேன். அவர் என் வலது கண்ணைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.