முதல் படுக்கை

எங்கள் ஆஸ்பத்திரிக்கு இதுவரை மூன்று கட்டடங்கள். முதலில் அது செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மல்லாட்டை மண்டி. ஊர்க்காரர்கள் வசூல் செய்து, வேர்க்கடலை மூட்டைகளை வெளியேற்றிக் கட்டில்களைப் போட்டார்கள். அப்புறம் திருவண்ணாமலை சாலையில் தளம் போட்ட கட்டடம் வந்தது. இப்போது அதே வளாகத்தில் லிஃப்ட் வைத்த மூன்று மாடி. நான் கலைவாணி, அங்கே மருந்து கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். மூன்று கட்டடத்திலும் வேலை பார்த்த ஒரே ஆள் வார்டு ஆயா சின்னப்பொண்ணு அக்கா. பாவாடை கட்டிய வயதில் மண்டியைப் பெருக்க வந்தவள்.

மண்டியில் முதலில் படுத்தவர் பாம்பு கடித்து வந்த பனமலைக்காரர். பிழைக்கவில்லை. இரண்டாவது கட்டடத்தில் முதலில் படுத்தது அக்காவின் புருஷன் பெரியதம்பி. அந்தக் கட்டடத்துக்கே சிமென்ட் சட்டி தூக்கியவர். அவரும் பிழைக்கவில்லை. காமாலைக்கு ஊர் ஊராகப் பச்சிலை குடித்துவிட்டுக் கடைசியில் வந்தவர், எந்தக் கட்டடத்தில் படுத்திருந்தாலும் போயிருப்பார் என்று அக்காவிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. புதுக் கட்டடம் முதல் ஆளைக் காவு கேட்கும் என்பது அவளுக்கு அன்றே முடிவான விஷயம்.

மூன்றாவது கட்டடத்துக்குப் பெரும்பங்கு கொடுத்தது மேல்சித்தாமூர்ச் சமணக் குடும்பம் ஒன்று. திறப்புக்கு முன்னால் கொத்தனார்கள் வழக்கப்படி அறுக்கச் சேவல் கேட்டார்கள். உயிர்க்கொலை கூடவே கூடாது என்று அந்த வீட்டுப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பூசணிக்காய் உடைத்ததோடு சரி. வெறும் வாயை மென்ற ஊருக்கு அவல் கிடைத்தது.

"சேவலக் குடுக்கல இல்ல, அப்ப ஆளத்தான் கேக்கும்" என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு.

பழைய கட்டடத்தில் காரை பெயர்ந்து விழ ஆரம்பித்திருந்ததால் இஞ்சினியர் அதைப் பூட்டச் சொல்லிவிட்டார். ஆனால் புதுக் கட்டடத்துக்கு மாற்றும் நாளன்று நோயாளிகள் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஒருவர் காய்ச்சலோடு அனந்தபுரம் பஸ் ஏறினார். புது வார்டில் மெத்தைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. படித்தவள்தான் நான், ஆனாலும் அந்தக் காலி வார்டைத் தாண்டிப் போகையில் நடையை எட்டிப் போட்டேன்.

அக்காவின் ஒரே மகள் தமிழினிக்கு அப்போது நிறைமாதம். "புதுக் கட்டடத்துல மொதல் பிரசவம் உங்க பொண்ணுக்குத்தான்" என்று டாக்டர் ஜெயஸ்ரீ சந்தோஷமாகச் சொன்னார். அக்கா முகம் வெளிறிப்போய் நின்றாள்.

மறுநாள் மதியம் நல்ல மழை. மிச்சமிருந்த குளுக்கோஸ் பாட்டில்களை எடுக்கப் பழைய கட்டடத்துக்குப் போனேன். பூட்டு திறந்திருந்தது. உள்ளே யாரோ முனகினார்கள். எட்டிப் பார்த்தால், பழைய பிரசவ மேசையில் தமிழினி! தலைக்கு மேலே கூரையில் துருக்கம்பி தெரிந்தது, தண்ணீர் சொட்டியது. அக்கா, மகளின் வயிற்றுக்கு மேலே தன் முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள், காரை விழுந்தால் அது தாங்கிவிடும் என்பதுபோல.

"இன்னாக்கா இது? பைத்தியமா உனக்கு?"

"சத்தம் போடாதம்மா. இங்கயே பொறந்துடட்டும். இது எங்க வூட்டு ஆள ஏற்கனவே வாங்கிடுச்சி. இனிமே கேக்காது."

போன் போட்டதும் டாக்டர் நனைந்துகொண்டே ஓடிவந்தார். வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டவரின் முகம் மாறியது. "கொழந்தையோட துடிப்பு எறங்குது. ஒடனே ஆபரேஷன் பண்ணணும். தியேட்டர் அங்கதான் இருக்குது."

ஸ்ட்ரெச்சரை மழையில் தள்ளிக்கொண்டு ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப் புதுக் கட்டடத்து வாசலில் இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டாள் அக்கா.

"வேணாங்க டாக்டரம்மா. ஒத்தப் பொண்ணுங்க எனக்கு."

"நகரலன்னா ரெண்டு உயிரும் போயிடும்!" டாக்டர் கத்தினார்.

"எம்மா... வுடும்மா. என்னால முடில." தமிழினியின் குரல் பாதிதான் வந்தது.

அக்கா மகளைப் பார்த்தாள். அப்படி ஒரு பயத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. சட்டென்று திரும்பி உள்ளே ஓடினாள். பார்க்கச் சகிக்காமல் ஓடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

வார்டைத் தாண்டித்தான் தியேட்டர். அங்கே முதல் கட்டிலில் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஈரப் புடவையோடு நீட்டிப் படுத்திருந்தாள் அக்கா. கண்கள் இறுக மூடியிருந்தன.

"நான் மொதல்ல படுத்துட்டேன். ஷோபனா சிஸ்டர், எம் பேர மொதல்ல எழுதிக்கோ. இப்ப அவள இட்டுனு போங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. நர்ஸ் ஷோபனா பேரை எழுதினாள். தமிழினியை உள்ளே கொண்டுபோய்த் தியேட்டர் கதவைச் சாத்தினார்கள்.

நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். புடவையை மாற்றச் சொன்னேன், அசையவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. பல் கிட்டிக்கொள்ள நடுங்கியவளுக்கு ஒரு போர்வையைப் போர்த்திவிட்டேன்.

"கலைவாணிம்மா, அவள பச்சத்தண்ணியில கை வெக்க வுடாத. பத்தியம் யாரு ஆக்குவாங்கன்னு தெரில. மருமவன் இனியனாண்ட சொல்லி வை, அவன் பொறுப்பா பாத்துப்பான்."

"சும்மா இருக்கா" என்று அதட்டினேன். தியேட்டர் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மேலே புது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த மின்விசிறியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"பொண்ணு பொறந்திருக்கு. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. எழுந்து வந்து பாருங்க சின்னப்பொண்ணும்மா."

அக்கா படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

"நல்லதுங்க டாக்டரம்மா," என்றாள். "அப்ப எனக்கு எப்பங்க?"